கடைமடைத் தொட்டி

மொத்தம் பதினேழு.
பெயின்ட் வாளி ஆறு.
முத்துப்பேட்டை மீன் வந்த தெர்மாகோல் பெட்டி மூன்று,
மழை விழுந்தால் இன்னமும் நெத்திலி வாசம்.
கைப்பிடி போன குக்கர் ஒன்று.
மற்றதெல்லாம் காசு கொடுத்து வாங்கிய கறுப்புப் பை.

மண்ணும் காசுதான்.
நாலு பக்கமும் வண்டல் கிடக்கிற மன்னார்குடியில்
கிலோ பன்னிரண்டு ரூபாய், பில்லோடு.
நார்க்கழிவு பொள்ளாச்சியிலிருந்து பார்சலில் வந்தது.
இரண்டு மாடி தூக்கி வந்த பையன்
"என்னக்கா, செங்கல்லா?" என்றான்.

மாடியில் குழாய் கிடையாது.
கீழ் வீட்டு அமீன் பாய்
தன் கூரையில் ஈரம் பூத்த இடத்தைச் சுற்றிச்
சாக்பீஸால் வட்டம் போட்டு
வாரா வாரம் செல்போனில் காட்டுகிறார்.
ஆகவே ஒப்பந்தம்: நாளுக்கு ஒரு குடம்.

ஆறு பத்துக்குத் திறப்பு.
கதவோரத்து வெண்டைக்கு இரண்டு குவளை,
மிளகாய்க்கு ஒன்றரை,
பசலை கேட்காமலே குடிக்கும்,
புதினா குடித்துவிட்டுக் குடிக்காத மாதிரி நிற்கும்.
தண்ணீர்த் தொட்டியின் மூலையில், குக்கரில்,
தூதுவளை.
அதற்குக் குடத்தைக் கவிழ்த்து உதறுவேன்.
சில நாள் அதுவும் இல்லை.

ஒரு புதன்கிழமைதான் பார்த்தேன்,
முள் மட்டும் விறைப்பாக இருந்தது.

நான் வேலை பார்ப்பது பாசனப் பிரிவு அலுவலகம்.
தபால் பதிவேடு என்னுடையது.
ஆவணியில் வருவதெல்லாம் ஒரே தபால்:
'ஐயா, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டவில்லை.'
எண் போடுவேன், தேதி போடுவேன்,
'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதி
அடுத்த மேசைக்குத் தள்ளுவேன்.
மேட்டூர் இன்றைக்கு எத்தனை அடி என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
என் குக்கருக்கு எத்தனை குவளை என்று
யாரும் கேட்டதில்லை.

முறை வைத்தேன்.
திங்கள், வியாழன் கடைசியிலிருந்து தொடக்கம்.
வெள்ளிக்கிழமை வெண்டை முகம் சுருங்கிற்று.
தலைமடைக்காரனுக்கு எப்போதும் குரல் பெரிது.

அந்த வாரம்தான் வைரக்கண்ணு வந்தார்,
கற்பகநாதர்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி.
மனுவோடு ஒரு பாலிதீன் கவர்.
உள்ளே நாற்று, ஒரு பிடி,
நுனியெல்லாம் வைக்கோல்,
அடியில் மட்டும் பச்சை போக மனமில்லாமல்.
"தாள்ல எழுதினா நம்ப மாட்டேங்குறாங்க"
என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
எண் 1147.
இணைப்பு: நாற்று, ஒரு பிடி.
எழுதிவிட்டேன்.
சாயங்காலம் கூட்டுகிற செங்கமலம்
அதைக் குப்பையில் போடக் குனிந்தபோது
"இருக்கட்டும்" என்று பையில் வைத்துக்கொண்டேன்.
ஏன் என்று அப்போது தெரியாது.
இப்போதும் சரியாகத் தெரியாது.

பதினைந்து நாள் கழித்து மேலிருந்து குறிப்பு:
'எண் 1147. இணைப்பைக் காணவில்லை. விளக்கம் தேவை.'

இணைப்பு
ஓட்டை அடைத்த மீன் பெட்டியில்
விரற்கடைத் தண்ணீரில் நிற்கிறது.
பதினொன்றில் எட்டு போயிற்று.
மூன்று தூர் கட்டுகிறது.
அதற்குத் தினம் இரண்டு குவளை வேண்டும்,
ஆகவே கொத்தமல்லியை விட்டுவிட்டேன்.
கொத்தமல்லி மனுப் போடாது.

'பார்வையில் கண்ட தபாலின் இணைப்பு' என்று தொடங்கி
மூன்று தாள் கிழித்தேன்.
'உயிரோடு உள்ளது' என்று எழுதலாமா?
'நேரில் வந்து ஆய்வு செய்க' என்றா?
கீழே அமீன் பாயின் வட்டம்
இந்த வாரம் ஒரு தட்டளவு.

பேனாவை மூடினேன்.
நாளை திங்கள்.
கடைசியிலிருந்து தொடங்குகிற நாள்.