தரையில் நீலக் கோடு

தொண்டையார்பேட்டை. வியாழக்கிழமை ஓ.பி.
மாடியில் கடைசி அறை.
கரண்ட் ஒயருக்குச் சுற்றுகிற நீல டேப்பைத்
தரையில் நாலரை மீட்டர் ஒட்டியிருக்கிறேன்.
குதிகாலும் பெருவிரலும் தொட்டுத் தொட்டு
அதன்மேல் பதினைந்து அடி நடக்க வேண்டும்.
விலகினால் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும்.

பிரிசில்லா, வயது ஒன்பது.
சீட்டில் டாக்டர் எழுதியது: எண்ணச் சுழற்சி நோய்.
கழுவிக் கழுவி விரலிடுக்கெல்லாம் வெளுத்திருந்தது.
அம்மா காசிமேட்டில் இறால் உரிப்பவள்,
அவள் விரலிலும் அதே வெளுப்பு.
எந்த வெளுப்பு எந்தத் தண்ணீர் என்று
கேட்டு எழுதிக்கொண்டேன்.

பந்து: பத்துக்கு நான்கு பிடித்தாள்.
பாசி கோர்க்க நாற்பத்தியோரு வினாடி,
விரல் நடுங்கியது.
போன வாரம் மாத்திரை கூட்டியிருக்கிறார்கள்.
காலையில் டீ மட்டும்.
நடுக்கம் நோயுடையதா, மாத்திரையுடையதா, பசியுடையதா?
படிவத்தில் எல்லா நடுக்கத்துக்கும் ஒரே கட்டம்.

அப்புறம் கோடு.
பக்கத்தில் வந்து நின்றாள்.
நட, என்றேன்.
நின்றாள்.
புடவையைத் தூக்கிப் பிடித்து நானே நடந்து காட்டினேன்.
என் காலை அப்படிப் பார்த்தாள்,
கண்ணாடிச் சில்லில் ஏறுகிறவளைப் பார்ப்பதுபோல.

"கோட்டு மேல கால் வெச்சா அவுட்டுதானே மிஸ்?"

பாண்டியில் நானும் அவுட் ஆனவள்தான்.
ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றேன்.
அம்மா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:
"மிதிச்சா அவங்கப்பா போன லாஞ்சு திரும்பாதாம்."

ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.
பூஜ்யம் போடலாம், விதி அதுதான்.
போட்டால் கால் சரியில்லை என்று அர்த்தம்.
காலைப் பற்றி எனக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

டேப்பை உரித்தேன்.
பசையும் அழுக்குமாய் ஒரு நிழல் மிச்சம்.
தள்ளி வேறிடத்தில் சாக்பீஸால் இரண்டு கோடு,
நடுவில் பாதம் அகலத்துக்கு ஒரு சந்து.
சந்துக்குள் நடந்தாள்.
பதினைந்து.
நான் கேட்காமலே திரும்பி இன்னொரு பதினைந்து.
குதிகால், பெருவிரல், குதிகால், பெருவிரல்,
ஒரு தடவைகூட உடம்பு ஆடவில்லை.

கையேட்டில் இதற்கு மதிப்பெண் கிடையாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
அழித்தேன்,
பேனாவால் எழுதினேன்.

"பாஸா மேடம்?"
நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால்
கடைசி ஐவரில் ஒருத்தி. பந்தும் பாசியும் சொன்ன கணக்கு.
"அடுத்த வியாழன் வாங்க" என்றேன். "சாப்பிட்டுட்டு வாங்க."

ஜன்னலில் நின்று பார்த்தேன்.
துறைமுகம் போகிற கண்டெய்னர் லாரிகள்
அசையாமல் வரிசை கட்டி நிற்க,
அம்மா கையை விடாமல்
ஜீப்ரா கிராசிங்கில் ரோட்டைக் கடந்தாள்.
பெயிண்ட் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது.
நல்லவேளை.