பதினோராவது சுரத்துக்குப் பிறகு

என் மனைவி இசையியலில் முனைவர் பட்டம் படிக்கிறாள்.
நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
லுப்லியானாவில் நின்றுபோகும் லிஃப்டுகளில் பாதி
என் கைக்குத்தான் வரும்.

ஐந்து வருடம் முன்பு
கடலோர ஊர்க் காப்பகம் ஒன்றில்
உப்பளத்துக் கணக்குப் புத்தகத்தைப் பிரீனா எடுத்தாள்.
எத்தனை மூட்டை, எந்தப் படகு, யார் பாக்கி:
அதிலெல்லாம் அவளுக்கு அக்கறை இல்லை.
அட்டைதான்.
கணக்கப்பிள்ளைக்கு ஓர் உறை வேண்டியிருந்திருக்கிறது.
கட்டுகிறவன் கைக்கெட்டிய தேவாலயப் பாட்டேட்டை
அளவு பார்த்து அறுத்துவிட்டான்.
ஆட்டுத்தோலில் நான்கு சிவப்புக் கோடுகள்.
அவற்றின்மேல் எள் இறைத்தாற்போல்
பதினொரு சுரங்கள்.
பன்னிரண்டாவது இருந்த இடத்தில்
கத்தி.

இந்த மெட்டு வேறு எந்த ஏட்டிலும் இல்லை
என்று எழுத அவளுக்கு மூன்று வருடம் பிடித்தது.
இல்லை என்று ஒரு வரி எழுத
இருப்பதையெல்லாம் பார்த்தாக வேண்டுமாம்.
கிராட்ஸ் போனாள், உதீனே போனாள்,
ஒரு மடத்தில் கையுறை போட்டுக்கொண்டு
ஒன்பது நாள் குளிரில் உட்கார்ந்தாள்.
உதவித்தொகை தீர்ந்த வருடம்
பல் டாக்டர் மகனுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தாள்.
அவன் அவள் காதைக் கிழித்தான்.
எங்கள் வீட்டு ஹீட்டர் எரிந்தது.

பல் துலக்கும்போது முணுமுணுப்பாள்.
உருளைக்கிழங்கின் தோல் சீவும்போதும்.
பதினொன்று. நிறுத்தம்.
மறுபடி பதினொன்று.
மேல்வீட்டு த்ரகிட்சா படிக்கட்டில் என்னை மறித்து
தணிந்த குரலில் கேட்டாள்:
"காஷ்பெர், உங்கள் வீட்டில் யாரோ
பாட ஆரம்பித்து ஆரம்பித்து மறந்துபோகிறார்களே,
தலையில் ஏதாவது அடிபட்டதா?"

இதைப் படித்து என்ன வேலை என்று
அம்மா கேட்காத ஞாயிறு கிடையாது.
நானும் பாதியில் நின்றதோடுதான் மல்லுக்கட்டுகிறேன் அம்மா,
எனக்கு அதற்குச் சம்பளம் வருகிறது,
அவ்வளவுதான் வித்தியாசம்.

பிப்ரவரியில், ஷிஷ்காவில், பழைய ஒன்பது மாடிக் கட்டிடம்.
ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே
லிஃப்டின் கூரைமேல் குந்தியிருந்தேன்.
கை முழுக்க கிரீஸ், பல்லிடுக்கில் டார்ச்.
தொண்டையில் தானாக அது கிளம்பியது.
ஒன்பது, பத்து, பதினொன்று,
நிற்கவில்லை.
ஒரு படி ஏறி, திரும்பி, சரிந்து,
நாய் தன் சாக்கில் படுப்பதுபோல்
தன் இடத்தில் போய்ப் படுத்தது.
அடியிலிருந்து கிணறுபோல் அந்தக் குழி
அதையே திருப்பிச் சொன்னது,
நெடுநாளாய்த் தெரிந்த மாதிரி.

அன்று ராத்திரி சொன்னேன்:
உன் பாட்டு எனக்கு முடிந்துவிட்டது.
அடிக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள்
பேனாவைப் போட்டுவிட்டு
இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.
விளையாட்டுக்கு இல்லை. விரல் நுனிகள் வெளுத்திருந்தன.
"பாடாதே.
உன்னுடையதை ஒருமுறை கேட்டுவிட்டால்
அப்புறம் எனக்கு அந்தக் கத்தி கேட்காது."
சூப் ஆறி ஆடை கட்டியது.
இருவரும் குடித்தோம்.

ஜூனில் வாய்மொழித் தேர்வு.
பதினொன்றையும் நின்றபடி பாடினாள்.
பிறகு வாயை மூடிக்கொண்டாள்.
அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.
கிராட்ஸிலிருந்து வந்தவர் சிரித்துக்கொண்டே கேட்டார்:
"இத்தனை வருடத்தில் உங்களுக்கென்று
ஒரு முடிவுகூடவா தோன்றவில்லை?"
இல்லை என்றாள்.
கடைசி வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.
நான் நாக்கைப் பல்லால் அழுத்திப் பிடித்திருந்தேன்.

பட்டம் கொடுத்தார்கள். கேக் வெட்டினோம்.
ஏழு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள்;
ஒரு நூலகம் பதில் எழுதியது,
அரை நாள் வேலை, அட்டவணை எழுதுவது.
போகிறாள். பழைய அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாளாம்.

ஷிஷ்கா லிஃப்ட் இந்த வாரம் மறுபடி நின்றது.
கதவு சாத்தியிருக்கிறதா என்று இருமுறை பார்த்துவிட்டு
மெதுவாகப் பாடினேன்,
என் தப்பான முடிவோடு, முழுசாக.
ஏழாம் மாடிக்காரர் வெளியிலிருந்து தட்டினார்:
"முடிந்ததா?"
இன்னும் பத்து நிமிடம் என்றேன்.