இன்னும் செல்லாது

அதிகாலை மூன்று நாற்பதுக்கு
சோஹாரிலிருந்து ஷம்ஷேர் தாப்பா கூப்பிட்டான்.
கேட் யாரையும் விடவில்லை, மேடம்.
நாற்பத்தொரு பேர் நிற்கிறார்கள்.
நாலு மணிக்கு ஷிப்ட்.
நாலு தாண்டினால் அரைமணிச் சம்பளம் போகும்,
அதை நான் சொல்லவேண்டியதில்லை.

ரூவியில் என் அறையில்
ஏசி ஒன்றுதான் முழுதாக விழித்திருந்தது.
எல்லோரும் சொல்வதையே சொன்னேன்:
லாக் அவுட் பண்ணச் சொல்,
மறுபடி உள்ளே வரச் சொல்.

பண்ணினார்கள்.
திரையில் நானூற்றொன்று.
இன்னொரு முறை என்றேன்.
நானூற்றொன்று, நானூற்றொன்று,
எறும்புச் சாரை போல ஒரே எண்
கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு டோக்கனைப் பிடித்துப் பிரித்தேன்.
மூன்று துண்டு, இடையில் இரண்டு புள்ளி.
நடுத்துண்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்,
அதில் ஒளிவில்லை.
ஓர் எழுத்தை மாற்றினால்தான்
மூன்றாவது துண்டு காட்டிக்கொடுக்கும்.
பெயர் எசக்கிமுத்து.
பிறப்பு மூன்று ஐம்பத்தொன்று.
இறப்பு நான்கு ஆறு.
கால்மணி ஆயுசு, அவ்வளவுதான் எப்போதும்.
கையெழுத்து சரி.
போன வாரம் மாற்றிய சாவி சரி.
பழைய சாவியையும் போட்டுப் பார்த்தேன்.
இதையெல்லாம் எழுதிவைத்துவிட்டு
கனடா போய்ச் சேர்ந்த பெனடிக்டை
வழக்கம்போல் ஒருமுறை திட்டினேன்.

அப்போது ஷம்ஷேர்:
ஒரு ஆள் உள்ளே போய்விட்டான் மேடம்.
யார்?
எசக்கி.
போனை அவரிடம் கொடு.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா.
எல்லாரும் போனைத் தட்டித் தட்டிப் பாத்தாவ.
எனக்கு அலுத்துப்போச்சு.
ஓரமா உக்காந்து ஒரு சிகரெட்டு பிடிச்சேன்.
வந்து காட்டுனேன்,
தொறந்துட்டு."

ஒரு சிகரெட்டு.
பெட்டியின் பதிவைத் திறந்தேன்:
எசக்கிமுத்து, உள்ளே, மூன்று ஐம்பத்து மூன்று.
என் கைப்பேசியில் மணி மூன்று ஐம்பத்தொன்பது.

தகரக் கூரைக்குக் கீழே
ஜூன் முழுக்க வெந்துகொண்டிருந்த அந்தச் சின்னப் பெட்டி
ஆறு நிமிடம் பின்தங்கியிருக்கிறது.
இங்கே நான் பிறப்பிக்கும் ஒவ்வொரு டோக்கனும்
அங்கே இன்னும் பிறக்காதது.
காலாவதி என்று அது சொல்லவில்லை,
நான்தான் படிக்காமல் விட்டேன்:
இன்னும் செல்லாது என்றது.
பொறுத்திருந்தால் பழுத்திருக்கும்.
திரும்ப வா, திரும்ப வா என்று
ஒவ்வொரு தடவையும் பிஞ்சாகவே பறிக்கவைத்தது
நான்.

கடிகாரத்தைத் திருத்தும் கட்டளையை அடித்தேன்.
என்டர் மேல் விரல்.
நான்கு ஒன்று இங்கே.
அங்கே மூன்று ஐம்பத்தைந்து.
இப்போது அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்,
நாற்பது பேரும் தாமதம்.

விரலை எடுத்தேன்.
ஷம்ஷேர், கடைசியாக எப்போது தட்டினார்கள்?
ஐம்பத்தேழு இருக்கும், மேடம்.
இனி யாரும் போனைத் தொடக் கூடாது.
வரிசையில் நிற்கச் சொல்.
நாலு மூன்றுக்கு முதல் ஆள்,
ஒருத்தர் பின்னால் ஒருத்தர், இடைவெளி விடாமல்.

திரையில் பச்சை விழத் தொடங்கியது.
சாகுல், பிரேம் பகதூர், ரத்தினவேலு,
ஒரு பெயர் இருமுறை மோதித் திரும்பியது,
எனக்கு வயிற்றைப் பிசைந்தது,
அதுவும் நுழைந்தது.
கடைசி ஆள்
மூன்று ஐம்பத்தொன்பது, நாற்பத்தேழு விநாடி.

பிறகு அழுத்தினேன்.
பெட்டி ஆறு நிமிடத்தை
ஒரே எட்டில் தாண்டி வந்து நின்றது.

அறிக்கையில் எழுதினேன்:
நேர விலகல். திருத்தப்பட்டது.
எது முதலில், எது பிறகு என்று
படிவத்தில் கட்டம் இல்லை.

ஏழு மணிக்கு ஷம்ஷேரின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு.
பின்னால் இயந்திர இரைச்சல்.
"எம்மா, நான் எசக்கி.
நாளைக்கும் உக்காந்து சிகரெட்டு பிடிச்சிட்டுத்தான் வரணுமா,
இல்ல நேரா வரலாமா?"