இரண்டு பட்டறைகள்

கிழமை நாள்களில் எனக்கொரு பட்டறை:
உள்துறைமுகக் கரையில், தகரக் கூரையின் கீழே
கழற்றிப் போட்ட படகு எஞ்சின்கள்.
சனிக்கிழமைகளில் இன்னொன்று:
மூடிவிட்ட ரியூட்டரியின் மேல்மாடியில்
பதினொரு பேர், பதினொரு வாங்கு, ஒரு தண்ணீர் வாளி.
இரண்டுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது
எனக்கு வசதி.
'பட்டறைக்குப் போறன்' என்றால்
வீட்டில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

நடத்துபவள் ஸில்மியா.
கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் பாலம் கடந்து வருகிறாள்.
என் மூத்த மகளைவிட இரண்டு வயது கூட.
முதல் நாள் துறைமுகத்தைக் கீறச் சொன்னாள்.
நீலத்தைக் குழைத்துத் தாள் முழுக்க அடித்தேன்,
வள்ளத்துக்குப் பெயின்ற் அடிப்பதுபோல, இடைவெளி விடாமல்.
பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள்.
'இதில நீலம் எங்க இரிக்கி, காட்டுங்க.'

இருபத்திரண்டு வருசம் நான் கைகழுவிய தண்ணீர்.
காட்ட முடியவில்லை.
ஒரு பக்கம் ஆறிப்போன பிளேன்ரீ,
ஒரு பக்கம் ஈயம்,
மா ஆலையின் நிழல் கிடந்த இடத்தில் பெயரில்லாத ஒன்று,
நடுவே, என் பட்டறையிலிருந்து கசிந்த எண்ணெயின்
மெல்லிய ஊதா.

அதன்பின் ஒரு நாளும் தவறவிடவில்லை என்றால் பொய்.
காய்ச்சலில் ஒன்பது நாள் விட்டேன்,
கோபத்தில் ஒரு மாதம்.
மற்றபடி ஷட்டரைத் தூக்கியதும்
கேத்தில் கொதிக்கும் வரைக்கும்
பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒரு படம்.
ஸ்பானர். செருப்பு. நங்கூரம். மறுபடி ஸ்பானர்.

மான்களைத்தான் அதிகம் கெடுத்தேன்.
கோட்டை வாசலில் அசையாமல் நிற்கும்,
நான் பென்சிலைச் சீவி முடிக்கும் வரை.
நாற்பத்தேழு மான்கள், அத்தனைக்கும் கதிரைக் கால்.
கொழும்பிலிருந்து எடுப்பித்த தடித்த தாளை
ஒரு நாள் மடியிலிருந்து இழுத்து மான் தின்றது,
பாதி வானத்தோடு.
முறையிட்டேன். ஸில்மியா கேட்டது ஒன்றுதான்:
'மெல்லக்குள்ள தாடை எந்தப் பக்கம் போச்சு?'
ஞாபகம் இருந்தது.
நாற்பத்தெட்டாவதுக்கு முகம் வந்தது.

கடற்படைச் சமையல்காரர் பந்துல
வந்த மூன்றாம் வாரம் ஒரு கத்தரிக்காய் கீறினார்.
கயிற்றில் கிளிப் போட்டு எல்லாரின் படமும் தொங்க
அதற்கு மட்டும் கயிறு தாழ்ந்தது போலிருந்தது.
கைகொடுத்தேன், சிரித்தேன்,
அன்றிரவு தூங்கவில்லை.
கோபத்தில் விட்ட மாதம் அதுதான்.

கார்த்திகை அடைமழையில் ஐந்து நாள் தொடர் பட்டறை.
கறுப்பு மட்டும். கோடு போடக்கூடாது.
இருட்டை வை, வெளிச்சம் மிஞ்சட்டும்.
நாலாம் நாள் வரை சேறு.
ஐந்தாம் நாளும் சேறுதான்,
ஆனால் சேற்றில் ஒரு வள்ளம் நின்றது.

தை மாதம். எஞ்சின் எடுக்க வந்த யூஜின் சம்மாட்டி
பில்லை வாங்கித் தொகையைப் பார்த்துப் பெருமூச்செறிந்து
தாளைத் திருப்பினார்.
அன்று காலை எதிரே கட்டிக்கிடந்த படகு.
பெயரும் எழுதவில்லை, நம்பரும் இல்லை.
'என்ட போட்' என்றார்.
பிறகு தாளைக் கண்ணருகே கொண்டுபோய்,
'பின்பக்கம் ஏன் இப்பிடித் தாழ்ந்து கிடக்கு?'
'கண்டபடி கீறினன்' என்றேன்,
எந்தப் பொருளில் என்று எனக்கே தெரியாமல்.

அவர் காசு தரவில்லை.
என் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.
அடியில், மயிர்க்கோடாய் ஒரு வெடிப்பு.
காலை முழுக்க அந்தப் படகைப் பார்த்தபடி இருந்தும்
எனக்குத் தெரியாதது
என் கைக்குத் தெரிந்திருக்கிறது.

சனிக்கிழமை அதைக் கயிற்றில் மாட்டினேன்.
எண்ணெய் விரல்ரேகை, கீழே தொகை,
சம்மாட்டியின் ஈரக்கை பட்டு ஒரு மூலை ஊறிய தாள்.
ஸில்மியா நெடுநேரம் நின்றாள்.
'பின்பக்கம் சரி.
வானத்துக்கு இன்னும் பயப்படுறீங்க.'

திங்கள் காலை ஷட்டரைத் தூக்கி
கேத்திலில்
தண்ணீரைக் கொஞ்சம் கூடவே ஊற்றி வைத்தேன்.