காலணி அளவு

ஹார்லெமில்
பிணப்பெட்டிக் கடைக்கு மேலே ஒரு வாடகை அறை.
ஜூலைப் புழுக்கம்.
ஆட்களைப் பதியும் வேலை எனக்கு.

பெயர், வயது, தொழில்,
சுட்டுப் பழக்கம் உண்டா,
காலணி அளவு.
கடைசிக் கட்டம் நானாகச் சேர்த்தது.
மலை நாடாமே, நடக்க வேண்டாமா?

முதல் நாள் வரிசை படியிறங்கி
மீன்கடை வரை போனது.
லிஃப்ட் ஓட்டுகிறவர்கள், ரயில் சமையற்காரர்கள்,
போன போரில் பிரான்சுக்குப் போய்
பதக்கமில்லாமல் திரும்பிய சார்ஜென்ட் லியோட்டிஸ் கேட்ஸ்.
"எத்தியோப்பியாவைக் காட்டு" என்றார்
பார்படோஸ்காரர் கத்பர்ட் அலைன்.
காட்டினேன்.
வரைபடத்தில் வைத்த விரலை எடுக்கவில்லை,
பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கும்வரை.
வயது நாற்பத்தெட்டு என்றார்.
அறுபது இருக்கும். அப்படியே எழுதினேன்.

சனிக்கிழமைகளில் பூங்காவில் பயிற்சி.
துடைப்பக்கட்டைதான் துப்பாக்கி.
எதிர்ச்சாரி ரொட்டிக்கடை இத்தாலியர்
மாவுக் கையோடு வாசலில் நின்று பார்ப்பார்.
அவர் தங்கை மகனை மசாவாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்களாம்.
அவரிடம் வாங்குவதை நிறுத்தினோம்.
நல்ல ரொட்டி.

வாஷிங்டனிலிருந்து கடிதம் வந்தது:
அந்நியப் படையில் சேருவது குற்றம்,
சிறை, அபராதம், குடியுரிமையும் போகலாம்.
கேட்ஸ் உரக்கப் படித்தார்.
"எந்தக் குடியுரிமை?" என்றது ஒரு குரல்.
சிரித்தோம்.
பிறகு அவரவர் தொப்பியைத் தேடினோம்.

கப்பல் இல்லை.
கட்டுத்துணியும் அயோடினும் பெட்டி பெட்டியாய்ப் போயின,
அவற்றிடம் யாரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை.

மார்ச்சில் நிதி திரட்ட வந்தான்
அந்த நாட்டு மாணவன் வொந்திராட்.
ஏட்டைப் புரட்டியவன்
கடைசிக் கட்டத்தில் நின்றான்.
"எங்கள் ஆட்கள் வெறுங்காலோடு நடப்பார்கள்.
இப்போது விமானத்திலிருந்து விஷம் தெளிக்கிறான்,
புல்லெல்லாம் அதுதான்.
பாதம்தான் முதலில் கொப்புளிக்கும்."
ஏட்டை மூடி, மெதுவாக என் பக்கம் தள்ளினான்.

மே ஐந்து.
அடிஸ் அபாபா விழுந்தது என்றது வானொலி.
ஏட்டைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தேன்,
படியில் காலடி.
மிசிசிப்பியிலிருந்து வருகிறானாம்,
சரக்கு ரயிலில் ஒளிந்து,
ஒன்பது நாள்.
ஹோசியா டிங்கிள். பதிய வேண்டுமாம்.

முடிந்துவிட்டது தம்பி என்று சொல்லத்தான்
வாய் திறந்தேன்.
கை கயிற்றை அவிழ்த்துவிட்டது.

"காலணி?"
"பன்னிரண்டு" என்றான்.
போட்டிருந்தது பத்துதான் இருக்கும்.
குதிகால் இரண்டும் வெளியே.