முழு விரல்

பன்னிரண்டு ஹெட்செட்டுகளையும்
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து வைக்கிறேன்.
நுரைப்பஞ்சில் நேற்றைய வகுப்பின் கண்மை,
கொஞ்சம் ஊது வாசனை.
சோஹாரில் வெளியே நாற்பத்தாறு டிகிரி.
ஆய்வகத்தில் பதினெட்டு.

இரண்டாமாண்டு கெமிக்கல் பிள்ளைகள்
மாட்டிக்கொண்டதும்
வெறுந்தரையில் ஏணி ஏறுகிறார்கள்.
இல்லாத கைப்பிடியில் சாயப்போன முஹன்னத்
என் தோளில் விழுகிறான்.
பைப் என்று நினைத்தானாம்.
மாஃபி முஷ்கில்.
பதினோரு வருடம் பைப்போடு கிடந்த தோள்தான்.

அவர்கள் காண்பது எனக்கும் திரையில் தெரியும்:
ஜூலையிலும் கையைச் சுடாத இரும்பு,
சோற்றுப் பொட்டலத்தோடு நிழல் தேடும்
ஆள் ஒருவன்கூட இல்லாத பாதைகள்.
சாரம் மட்டும் நிற்கிறது,
தானே முளைத்ததுபோல.

முன்னால் மிதந்து செய்துகாட்டும்
அந்த ஜோடிக் கை என்னுடையது.
போன வருஷம் பளபளக்கும் பொட்டுகளை ஒட்டி
நாள் முழுக்க வால்வு திருகச் சொன்னார்கள்.
இறுகியதை ஒரு மயிரிழை பின்னுக்கு விட்டு
அப்புறம் திருகும் என் பழக்கம்கூடப்
பதிந்திருக்கிறது.
வலது மோதிரவிரலை மட்டும் திருத்திவிட்டார்கள்.
ஷட்டவுன் ஒன்றில்
ஃபிளாஞ்சுகளுக்கு நடுவே நான் விட்டுவந்த ஒன்றரைக் கணுவை
வளர்த்து, நகமும் வைத்து.
பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றான் டிசைனர் பையன்.
நல்லவன், டீ வாங்கிக் கொடுத்தான்.

ஷம்ஸா என் கைக்குள் தன் கையைப் பொருத்தித் திருக,
சிவப்பு.
நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று
இரண்டு மொழியில் எழுத்து.
வகுப்பே சிரிக்கிறது.
அவள் கழற்றி, டிஷ்யூ வாங்க நீட்டிய கை
என் கையைப் பார்த்து நின்றது.
ஐயோ என்று சொல்லவில்லை அந்தப் பெண்.
“எந்த வால்வு?” என்றாள்.

சொன்னேன்,
அரபியும் இந்தியும் கலந்து:
காகிதத்தில் மூடியிருந்த வால்வு.

மறுபடி மாட்டிக்கொண்டாள்.
திரையில் என் கைகள் வழக்கம்போல்
சக்கரத்தைப் பற்றிக்கொண்டு கூப்பிட்டன.
அவள் போகவில்லை.
பத்தடி பின்னே நடந்து
யாரும் பார்க்காத ஒரு பிரஷர் கேஜ் முன்
குனிந்து நின்றாள்,
முள் இறங்கும்வரை.

அதுவரை
அந்தரத்தில் காத்துக்கிடந்தன
பத்து முழு விரல்களும்.