சத்தத்தின் காரணம்

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இர்த்திஷ் ஆறு லாரி போகுமளவு கெட்டித்துவிட்டது.
உள்ளே, துணி அலமாரி இருந்த இடத்தில்,
இருநூறு லிட்டர் கடல். இருபத்தைந்து டிகிரி.
உப்பை நான்தான் அளந்து கலந்தேன்.

ஓம்ஸ்க்கில் டிராம் ஓட்டுகிறவளுக்குக்
கடல் எதற்கென்று கேட்காதவர் இல்லை.
சொல்லிச் சொல்லி அலுத்து
இப்போது மணியை அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

பவளப்பாறை மூன்று பெட்டிகளில் வந்தது,
ஈரச் செய்தித்தாள் சுற்றி, இரண்டு விமானம் மாறி.
பில்லில் 'கல்' என்றிருந்தது.
கல்லுக்குள் இருந்தவற்றிடம்
யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

இரவு இரண்டு மணி.
டார்ச்சின் வாயில் சிவப்பு மிட்டாய்த்தாள்;
சிவப்பு அவற்றுக்கு இருட்டு.
பள்ளி நோட்டில் எழுதுகிறேன்.

முள்மயிர்ப் புழு: தொடக்கூடாது. தொட்டேன்.
கண்ணாடி நார்போல விரல்நுனியில் மூன்று நாள்.
குப்பை தின்கிறது, இருக்கட்டும்.
நொய்யரிசி அளவில் நட்சத்திரங்கள்,
ஒன்றுக்கும் கால் சமமில்லை.
பழுப்பில் ஒரு குட்டிப் பனைமரம்:
அழகென்று ஒரு மாதம் ஊட்டி வளர்த்தேன்.
இப்போது பதினெட்டு மரம்.
காசு கொடுத்து வாங்கிய பவளம் சுருண்டு கிடக்கிறது.
ஒண்ட வந்த பிடாரி.

அப்புறம் அந்தச் சத்தம்.
டொக்.
கொஞ்சம் பொறுத்து, டொக் டொக்.

கீழ்வீட்டு அர்க்காதி ல்வோவிச்
வெப்பக்குழாய்தான் என்று மனு எழுதினார்.
குழாய்க்காரர் ரினாத் வந்தார்,
பூட்ஸுக்கு நீலப் பிளாஸ்டிக் உறை மாட்டி.
ரேடியேட்டரில் ஸ்பேனரால் இரண்டு தட்டு.
காதை வைத்தார்.
தொட்டிக்குள்ளிருந்து இரண்டு தட்டு.

நத்தை ஓடுகளைக் காட்டினேன்.
ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தல், விளிம்பு நொறுங்கி.
நோட்டில் 'நண்டு' என்றெழுதி அடித்திருந்தேன்.
'சொடுக்கு இறால்' என்றெழுதிப்
பக்கத்தில் கேள்விக்குறி.
"சொடுக்கு இல்லை, இது சுத்தியல்" என்றார்,
இருபது வருஷமாகச் சுவருக்குள் கசிவைக்
காதால் தேடுகிறவர்.

விளக்கை அணைத்தோம்.
ஒரு துளை. காம்பின்மேல் இரண்டு கண்.
ஒன்று என்னைப் பார்த்தது;
மற்றது தனியே திரும்பி அவரை.
கீழே மடித்த கைகள்.
கும்பிடுக்குள் சம்மட்டி.
கும்பிடுபூச்சி இறால் என்று
மை அழுந்த எழுதினேன்.

மூன்று லிட்டர் ஊறுகாய் ஜாடிக்கு மாற்றலாமென்றேன்.
கண்ணாடி தாங்காதென்றார்.
மகளுடைய பழைய பிளாஸ்டிக் குளியல்தொட்டி இருக்கிறதாம்,
நாளை கொண்டுவருவாராம்.
"என்ன தின்னும்?"
"உறைந்த இறால்."
"சொந்தக்காரனையா?" முகம் சுளித்தார்,
ஆனாலும் நாற்காலியை விட்டு எழவில்லை.

படிவத்தில், சத்தத்தின் காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வெகுநேரம் பிடித்திருந்து
'குடியிருப்பவர்' என்றெழுதிக்
கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அவர் போனபின்
கண்ணாடியில் ஒன்று ஊர்ந்தது,
வெட்டிய நகம்போல, மறுபக்கம் தெரிய.
புழுவுமில்லை, நத்தையுமில்லை.
நேரத்தை மட்டும் எழுதினேன்: 11.40.
ஐந்து மணிக்கு முதல் டிராம்.